மூக்கு பெருத்த விமானம்

பொம்மிடி ஸ்தனிஸ்லாஸ் மரத்தில் செதுக்கிய அந்தோணியார் ஒரு நாள் பூசை நடுவே தும்மிவிட்டார் என்று சொல்வார்கள். அது பொய். தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட கைக்காரருக்கு 1942 சித்திரையில் ஒரு விசித்திர வேலை வந்தது. ஜப்பான்காரன் கடலோர ஊர்களில் குண்டு போட்டிருந்த நேரம். ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கரட்டுக் குன்றின்மேல் வானத்தைப் பார்த்துக் காவலிருக்க ஆள் எடுத்தார்கள். எதிரி விமானம் வந்தால் மணியடிக்க வேண்டும். நம்முடையது என்றால் பேசாமலிருக்க வேண்டும். அடையாளம் பழக மரத்தில் விமானம் செய்து தரும் பொறுப்பு ஸ்தனிஸ்லாசுடையது. காவலுக்கு எடுத்தவர்களில் அவர் மகள் ராஜமேரியின் புருஷன் அருள்நாதனும் ஒருவன். மழை பொய்த்துச் சோளக்காடு காய்ந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் சம்பள வேலை அது. சோதனையில் தேறினால்தான் நிலைக்கும்.

அதிகாரி கொடுத்தது உள்ளங்கையகலப் படம். நம் பக்கத்து ஹரிக்கேன் விமானம். இரண்டடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. குமிழ மரத்தில் இறக்கையை அளந்து செதுக்கிய ஸ்தனிஸ்லாஸ், மூக்கைக் கை போன போக்கில் விட்டார். உயரத்தில் நிற்கும் சிலைக்குத் தலையைச் சற்றுப் பெரிதாக வைப்பது அவர் தொழில் வழக்கம். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் முகம் நிறையும். விமானத்துக்கும் அதே தயவைக் காட்டிவிட்டார்.

சோதனை நாளில் அதைக் கறுப்படித்துப் புளியமரத்தில் தொங்கவிட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்த அருள்நாதன் மணியை அடித்த அடியில் பாதி பொம்மிடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கொழுத்த மூக்கைக் கண்டு ஜப்பான்காரனின் மூக்குத் தடித்த ஜீரோ விமானம் என்று நினைத்துவிட்டான்.

"அடுத்த ஞாயிறு வருகிறேன். அன்றும் தப்பாகச் சொன்னால் வேறு ஆள்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

தப்பு மருமகன் கண்ணிலா, தன் உளியிலா என்று ஸ்தனிஸ்லாசுக்கு விளங்கவில்லை. விமானத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் வேர்க்கடலை விற்கும் பக்கத்து வீட்டு ராமக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணா, ஏரோப்ளேனுக்குச் சளி புடிச்சிருக்குதா? மூக்கு வீங்கிக் கெடக்குது."

"படத்தைப் பாத்துத்தானே செஞ்சேன்."

"கண்ணு படத்தைப் பாத்துச்சு. கை சாமியைப் பாத்துருச்சு."

"எங்க தப்புன்னு காட்டு பாப்போம்."

"உச்சிப் பொழுதுக்கு எங்க வூட்டு வாசலுக்குத் தூக்கியாங்க. காட்டறேன்."

அவள் சொன்னபடி அவர் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டார், கட்டத்துக்கு இரண்டடிக் கணக்கு. அவள் அவருடைய அடிக்கோலை வைத்து வாசலில் அங்குலத்துக்கொரு புள்ளி வைத்தாள். படத்தில் கோடு எந்தக் கட்டத்தில் வளைந்ததோ, அந்தப் புள்ளியில் கோலமாவை வளைத்தாள். கடைசியில் வாசலில் ஒரு விமானம் இறங்கிக் கிடந்தது.

சூரியன் நேர் உச்சியில் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் தன் விமானத்தைக் கோலத்துக்கு மேலே பிடித்தார். இறக்கையின் நிழல் கோட்டில் உட்கார்ந்தது. வாலும் உட்கார்ந்தது. மூக்கின் நிழல் மட்டும் பால் பொங்கினாற்போலக் கோட்டைத் தாண்டி வழிந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரம் போட்டார், நிழல் பார்த்தார். மறுபடி அரம் போட்டார். இதற்குள் ராமக்காவின் கோழி கோலத்தின் இடது இறக்கையைக் கொத்தித் தின்றுவிட்டது.

"ஜப்பான்காரன் செய்யாததை உன் கோழி செஞ்சிருச்சு" என்றார்.

"அது எந்தக் கட்சின்னு எனக்கும் தெரியலண்ணா" என்று ராமக்கா மறுபடி மாவை எடுத்தாள்.

ஞாயிறு வந்தது. விமானம் மறுபடி புளியமரத்தில் ஆடியது. அருள்நாதனின் கை மணிக்கயிற்றைப் பிடித்தது. ஸ்தனிஸ்லாஸ் ஜெபமாலையை எண்ண மறந்து நின்றார். கை கயிற்றை விட்டது.

"நம்முளுதுங்க" என்றான் அருள்நாதன்.

அவன் வேலை நிலைத்தது. ராஜமேரியின் அடுப்பும் அணையவில்லை. சண்டை முடிந்த வருஷம் ஸ்தனிஸ்லாஸ் செய்துவைத்த கிறிஸ்துமஸ் குடிலில், ஆட்டிடையர்களோடு கூடையும் கோழியுமாக ஒரு கடலைக்காரியும் நின்றாள். ராமக்கா வந்து குனிந்து பார்த்து, பொம்மையின் மூக்கை விரலால் தடவினாள்.

"அளந்துதான் வெச்சேன், பயப்படாதே" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.