திரைக்குப் பின்னால் பார்த்த படங்கள்

மதுரையில் அந்தக் காது டாக்டர் என் மண்டையில் இரும்பை வைத்துப் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கவட்டை மாதிரி இரண்டு கிளை உள்ள சிறிய இரும்பு. அதைத் தட்டி என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் தட்டி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அதன் காம்பை ஊன்றினார். மண்டை முழுக்க ரீங்காரம் நிறைந்தது.

"காதுக்குள்ள அரிசியில பாதி அளவுக்கு ஒரு எலும்பு இருக்கு. அது இறுகிக்கிட்டே வருது" என்றார், என்னைப் பார்த்து அல்ல, என் கணவரைப் பார்த்து. "பிள்ளை பெத்தவங்களுக்கு இன்னும் வேகமா இறுகும். மூணு வருஷமோ நாலு வருஷமோ. அதுக்கப்புறம் ரொம்ப மங்கிரும்."

சென்னையில் ஆபரேஷன் செய்கிறார்கள் என்றும் சொன்னார். சரியாகவும் ஆகலாம், இருக்கிற கொஞ்சமும் போய்விடவும் செய்யலாம் என்றார்.

அப்போது நான் சின்னமனூரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மகளுக்கு ஒன்றரை வயது. அவள் பிறந்த பிறகுதான் கடைசி வரிசைப் பிள்ளைகள் கூப்பிடுவது எனக்கு எட்டாமல் போயிற்று. என் கணவர் பம்புசெட் மெக்கானிக். ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் எப்படி முனகும் என்று அவருக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாரப் பத்திரிகையை வாங்கி என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில்தான் பட்டியல் இருந்தது. தமிழ் தெரிந்த ஒவ்வொருவரும் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய படங்கள் என்று இருபத்து நாலு பெயர்கள், வரிசை எண்ணோடு. அதில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. என் அப்பா சினிமாவுக்கு விடமாட்டார். ஆனால் பாதிப் படங்களின் வசனம் எனக்கு மனப்பாடம். கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. யார் முகம் அந்த வார்த்தைகளைச் சொல்கிறது என்பது மட்டும் தெரியாது. இனிமேல் முகம் மட்டும் தெரிந்து வார்த்தை கேட்காமல் போகப் போகிறது என்று நினைத்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

"இந்த இருபத்து நாலையும் பாத்துரணும்" என்றேன். "காது இருக்கயிலேயே."

அவர் பத்திரிகையை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். "ஆபரேஷன்?"

"அது வேணாம். இருக்கறதும் போயிட்டா நான் எதைக் கேட்பேன்?"

"சரி" என்றார். "எல்லாத்தையும் பாப்போம்."

பஸ் இரைச்சலில் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இந்த நோயில் அப்படித்தான், சத்தத்துக்கு நடுவில்தான் பேச்சு நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் ஒன்பது படங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டதாக என் கணவர் அன்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியவே பல வருஷம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் நினைத்த படத்தை நினைத்தபோது பார்க்க முடியாது. புதுப்படம் தேனிக்கும் போடிக்கும் வரும். பழைய படம் எந்த ஊர்க் கொட்டகைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மூன்று நாள், அப்புறம் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் என் கணவர் மெக்கானிக், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுகிறவர். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சுவரொட்டி பார்த்தால் போதும், வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக்கூட வந்து வாசலில் நிற்பார். கையெல்லாம் கிரீஸாக இருக்கும்.

"பதினொண்ணு கம்பத்துல ஓடுது. நாளையோட கடைசி. கெளம்பு."

நாங்கள் படங்களை எண்ணால்தான் சொல்வோம். என் மாமியாருக்குப் புரியக் கூடாது என்றுதான் அப்படி ஆரம்பித்தோம். அவர்களுக்கு இரண்டாவது வாரத்திலேயே புரிந்துவிட்டது.

"காது போகப்போகுதுன்னு டாக்டரு சொல்லியிருக்காக. மருந்து மாத்திரை வாங்குறத விட்டுட்டு, ரெண்டு பேரும் கொட்டகை கொட்டகையா அலையுறீக" என்றார்கள்.

"மருந்து இல்லைன்னுதான் அத்தை சொன்னாக."

"அதுக்கு?"

மகளை அவர்கள் இடுப்பில் கொடுத்துவிட்டு சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டேன்.

முதல் வருஷத்தில் பத்துப் படங்கள். மூன்றாம் எண் படத்துக்காக மயிலாடும்பாறைக்கு மூன்று பஸ் மாறிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் போனோம். வீரபாண்டித் திருவிழாச் சமயத்தில் ஆறாம் எண் ஒரு கொட்டகையில் ஓடியது. ராட்டினச் சத்தமும் உறுமிச் சத்தமும் கொட்டகைக்குள் வந்துகொண்டே இருந்தன. மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ஆனால் இரண்டாம் வருஷம் நிலைமை மாறியது. முதலில் பெண் குரல்கள் மெலிந்தன. பிறகு பாட்டில் வார்த்தை போய் மேளம் மட்டும் நின்றது. பள்ளியில் பிள்ளைகளைக் கை தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசும்படி பழக்கியிருந்தேன். திரையில் இருப்பவர்களை அப்படிப் பழக்க முடியாது. பதினேழாம் எண்ணைத் தேனியில் மேட்னி ஷோவுக்குப் பார்த்தோம். முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். வசனத்துக்குப் பேர்போன படம். நான் சின்ன வயதில் முழுக்க ஒப்பித்த படம். கதாநாயகி வாயைத் திறந்தாள், மூடினாள். என் காதில் தூரத்து மில் ஓடுவது மாதிரி ஒரு உறுமல், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த வசனத்தை அவள் உதட்டில் நானே பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். "போதும். இதோட விட்டுருவோம்."

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நான் திரும்பக் கேட்கவும் இல்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை, ஓடைப்பட்டியில் ஒரு தோட்டத்து மோட்டார் பழுது என்று போனவர் என்னையும் கூட்டிப் போனார். திராட்சை பழுத்திருக்கிறது, மகளுக்கு வாங்கி வரலாம் என்பது சாக்கு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முழ நீளமுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைத் தன் காதோடு வைத்துக் கேட்டார். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற காரியம்தான். கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, கைப்பிடியை என் காதுக்குப் பின்னால், மதுரை டாக்டர் இரும்பை ஊன்றிய அந்த எலும்பில் அழுத்தினார்.

கரகரவென்று மண்டைக்குள் கேட்டது. உள்ளே ஒரு குண்டு தேய்ந்து தட்டுவது தனியாகவும் கேட்டது.

"டக்கு டக்குன்னு ஒண்ணு அடிக்குது" என்றேன்.

"அதான் பேரிங்" என்று அவர் வாய் அசைந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து மோட்டாரை நிறுத்தாமலே வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

அன்றே ஓடைப்பட்டிக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகை முதலாளியிடம் போனோம். பருத்த மனிதர், வெற்றிலை போடுகிறவர். என் கணவர் விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டி திரைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு பெட்டியைப் போட்டு என்னை உட்கார வைத்தால், ஸ்க்ரூடிரைவர் கம்பியை ஸ்பீக்கர் பெட்டியில் ஊன்றிக் காதெலும்பில் வைத்துக் கேட்டுக்கொள்வேன். படத்தைத் துணிக்குப் பின்னாலிருந்தே பார்த்துக்கொள்வேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளப்பிள்ளைய அங்கன உக்கார வச்சா, ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாகளா? அப்புறம் ஆளாளுக்குப் பின்னாடி எடம் கேப்பாக. ஆகாது தம்பி."

என் கணவர் வாதாடவில்லை. கொட்டகையின் ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார்.

"அண்ணே, ஒங்க எஞ்சினு வாரத்துக்கு ரெண்டு தடவ படத்துக்கு நடுவுல நின்னுருதுல்ல?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அதுவே சொல்லுது. நான் பாத்துக்கிறேன். இந்தக் கொட்டகை இங்கன இருக்குற வரைக்கும் அது நிக்காது."

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார், "எத்தன படம் பாக்கணும்?"

"ஏழு" என்றேன் நான், அவர் உதட்டைப் பார்த்தே. பதினேழாம் எண்ணையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்து, "எட்டு" என்று திருத்தினேன்.

எங்கள் பட்டியலைப் பார்த்து முதலாளியே ஒவ்வொரு பெட்டியாக மதுரையிலிருந்து வரவழைத்தார். அவருக்கும் நட்டமில்லை, எல்லாம் கூட்டம் வருகிற படங்கள். நாங்கள் முதல் ஆட்டத்துக்குப் போய், திரைக்குப் பின்னால் இரண்டு சோடாப் பெட்டிகளில் உட்கார்ந்துகொள்வோம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துப் போடும்போது பெயர்கள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி ஓடும். கதாநாயகன் இடது கையால் சோறு தின்பான். தாலி கட்டும்போது பெண் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு படத்தில் கதாநாயகி கடிதம் எழுதினாள். பிள்ளைகள் திருப்பிப் போட்டு எழுதுவதைத் திருத்திப் பழகியவள் என்பதால் அதை நான் ஒரே மூச்சில் படித்து அவருக்குச் சொன்னேன். கம்பி வழியே வருகிற குரலில் இனிமை இருக்காது, தகரத்தில் உரசியது போல இருக்கும். கை வலிக்கும். காதுக்குப் பின்னால் தோல் கன்றிச் சிவந்துவிடும். ஆனால் வார்த்தை வந்தது. பதினேழாம் எண்ணை இரண்டாம் முறை பார்த்தபோது அந்த நீண்ட வசனம் முழுக்க வந்தது. நான் சின்ன வயதில் இரண்டு இடத்தில் தப்பாக ஒப்பித்திருந்தேன் என்பதும் தெரிந்தது.

கடைசியில் மிஞ்சியது இருபத்து நாலாம் எண். மிகப் பழைய படம், பெட்டியே இல்லை என்று மதுரையிலிருந்து முதலாளிக்குப் பதில் வந்துவிட்டது. என் கணவர் நம்பவில்லை. இரண்டு முறை அவரே மதுரைக்குப் போய்ப் படப்பெட்டி கொடுக்கிற ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். மூன்றாம் முறை நானும் போனேன். ஒரு ஆபீஸில் வயதான கணக்கர் எங்களைப் பார்த்து இரங்கி, பின்கட்டில் கிடந்த பெட்டிகளைத் தள்ளித் தேடினார். கிடைத்தது. ஆனால் நடுவில் இரண்டு ரீல் காணவில்லை.

"பரவாயில்ல, குடுங்க" என்றேன்.

படம் போடுகிற அன்று என் மாமியார், "நானும் வாரேன்" என்றார்கள். மகளுக்குச் சட்டை போட்டுக்கொண்டே சொன்னார்கள். கல்யாணமான புதிதில் தேனியில் அவர்கள் பார்த்த ஒரே படம் அதுதானாம். அதுவரை சொன்னதே இல்லை.

பாதிப் படம் ஓடியதும் திரை வெளுத்தது. விளக்கைப் போட்டு, இரண்டு ரீல் இல்லை, அடுத்த ரீல் மாட்டக் கொஞ்ச நேரமாகும் என்று முதலாளி அறிவித்தார். முன்னால் சலசலப்பு. அப்போது மாமியார் மகளைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தார்கள். மகளை என் கணவரிடம் கொடுத்துவிட்டு என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்க்கும்படி தன் முகத்தைத் தூக்கினார்கள்.

"கேளு ஆத்தா. இந்த இல்லாத ரீலுல அண்ணங்காரன் இவள வீட்ட விட்டு வெரட்டிருறான். இவ கைப்பிள்ளையோட ஆத்தங்கரையில நிக்கிறா."

எனக்குக் கேட்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்துச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். கையை ஆட்டினார்கள். அண்ணன் பேசும்போது அதட்டினார்கள், தங்கை அழும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் உதட்டிலிருந்து ஒரு சொல் தவறாமல் எனக்கு விளங்கியது. ஓரமாக எட்டிப் பார்த்த என் கணவர் என் தோளைத் தொட்டுக் காட்டினார். கொட்டகை முழுக்க வாயை மூடிக்கொண்டு வெள்ளைத் துணியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மாமியார் மூச்சு வாங்க நிறுத்தியபோது தரை டிக்கெட்டிலிருந்து யாரோ கேட்டார்களாம், "பெரியம்மா, பெறகு என்னாச்சு?" என் கணவர் சிரித்துக்கொண்டே அதை எனக்கு உதட்டசைவில் சொன்னார். மாமியாருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அப்புறம் மீதிப் படம் ஓடியது.

வீட்டுக்குத் திரும்பியதும் பத்திரிகைப் பக்கத்தை எடுத்து இருபத்து நாலாம் எண்ணைப் பென்சிலால் அடித்தேன். பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மூன்று வருஷமாகக் கூடவே இருந்த பயம் இப்போது இல்லை என்று கவனித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனிமேல் இருக்கிற கொஞ்சமும் போனாலும் போகட்டும்.

"ஆபரேஷன் பண்ணிப் பாத்துருவோம்" என்றேன்.

அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "போயிருச்சுன்னா?"

"போனா ஒங்க வாயப் பாத்துக்குவேன். அத்தை வாயையே பாத்துட்டேன்ல."

அந்தக் கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனோம். வலது காதில் மட்டும் செய்தார்கள். பத்து நாள் தலையை அசைக்காமல் கிடந்தேன். கட்டைப் பிரித்த அன்று வார்டில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். நான் கட்டிலில் துள்ளி எழுந்துவிட்டேன். நர்ஸ் சிரித்தாள். அவள் சிரிப்பும் கேட்டது.

இடது காது போனது போனதுதான், அதை நான் தொடவிடவில்லை. வலது காதை வைத்துக்கொண்டு மேலும் இருபத்தேழு வருஷம் பாடம் நடத்தினேன். ஊருக்குத் திரும்பிய வழியில் மதுரை பஸ் ஸ்டாண்டில் என் கணவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, பழைய பழக்கத்தில், நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி, "காப்பி வேணுமா?" என்று கத்தினார்.

"வேணும்" என்றேன். "மெல்லமாக் கேளுங்க. எல்லாரும் பாக்குறாக."