குழவிக்கு ஒரு கெண்டை

சென்ற மாதம் கொடைக்கானலுக்கு ஏறும்போது பெருமாள்மலையில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மழையில் அரித்துப்போன சாலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு பீப்பாயில் தார் கொதித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை மூட, நான் மட்டும் என் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திறந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சூடான தாரின் வாசனை வந்தால் எனக்கு மீன் ஞாபகம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சரியாகச் சொன்னால் மீன் இல்லை, படகு. அதைவிடச் சரியாகச் சொன்னால், படகின் அடிப்பலகையில் இருந்த பதினோரு விரிசல்கள். எண்ணி எழுதி வைத்தவன் நான்தான். அப்போதே எனக்கு டைரிப் பழக்கம் உண்டு. கிழமை, மணி, வானிலை, நடந்தது, அதில் என் தவறு எவ்வளவு, பிறர் தவறு எவ்வளவு என்று எல்லாவற்றையும் குறித்துவிடுவேன். வருஷத்தை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் விரல்விட்டு என் வயதைக் கணக்குப் பார்ப்பீர்கள்.

கொடைக்கானலில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சொந்த ஊர் பழனி. அப்பா அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். மலைக்குளிர் பழகாமல் மப்ளருக்குள் ஒளிந்துகொண்டிருந்த என்னை வெளியே இழுத்தவன் மாரிமுத்து. அலுவலகத்தில் பக்கத்து மேசை. கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தில் பூண்டு போடுகிற குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே நாங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கினோம்.

இந்த ‘ஆகவே’ எப்படி வந்தது என்று டைரியைப் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஊரைவிட்டுப் போகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பழைய துடுப்புப் படகை விற்றார், நாங்கள் வாங்கினோம். எங்களைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

மாரிமுத்துவின் மனைவி ராசாத்தி. அவளும் கவுஞ்சிக்காரிதான். படகைப் பார்க்க ஏரிக்கரைக்கு வந்தவள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பலகையை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தாள்.

“நல்ல காஞ்ச வெறகுண்ணே” என்றாள் என்னிடம்.

அன்றைக்கே தார் காய்ச்சி விரிசல்களை அடைத்தோம். பதினோரு விரிசலுக்கும் போக மீதித் தார் எங்கள் முழங்கை வரை இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் குளித்தும், திங்கட்கிழமை அலுவலகத்தில் எங்கள் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை.

முதல்முறை ஏரிக்குள் போனது ஓர் ஐப்பசி ஞாயிறு. கரையில் ஏற்றிய படகில் தேங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காக அடியில் ஒரு துளை இருக்கும். தண்ணீரில் இறக்குமுன் அதை ஒரு மரக்கட்டையால் அடைக்க வேண்டும். துறையில் எல்லாரும் அதை ‘பிளக்’ என்பார்கள். படகுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி அந்தோணி, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் “சார், பிளக் போட்டாச்சா?” என்று கேட்பார். குட்மார்னிங் சொல்வதற்குப் பதில் அவர் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, நானும் சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

நூறு அடி போயிருப்போம். “ஏய்யா, மழை பெய்யுதா?” என்றான் மாரிமுத்து.

“இல்லையே.”

“எங்காலு நனையுது.”

“எனக்கும் நனையுது.”

“மழை கீழருந்தாய்யா பெய்யும்?”

அதன் பிறகு நடந்ததை நான் விரிவாக எழுத விரும்பவில்லை. டிபன் பாக்ஸ் மூடியால் அவன் தண்ணீரை இறைக்க, நான் துளையில் என் குதிகாலை வைத்து அடைத்தபடி துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். அந்தக் கட்டையைப் படகு முழுக்கத் தேடினோம். அது என் சட்டைப்பையில் இருந்தது. எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்று முந்தின நாளே பத்திரப்படுத்தியிருந்தேன்.

ஆனால் மாரிமுத்து அடுத்த வாரம் செய்ததற்கு முன்னால் இது ஒன்றுமில்லை. மீன் பிடிக்கிறவர்கள் படகு நகராமலிருக்க நங்கூரம் போட வேண்டும். நூலகத்தில் படகுகளைப் பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் நான் படித்து முடித்திருந்தேன். நங்கூரத்தில் எத்தனை வகை என்று படம் போட்டே காட்டுவேன். நமக்கு ஒரு கனமான கல் போதும் என்றேன். அவன் அன்று சாக்கில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தான். நீளமாக, வழவழவென்று, நடுவில் கயிறு கட்ட வாகாக இருந்தது. ஏரியின் நடுவில் அதைத் தூக்கித் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி எறிந்தான். ‘தொபுக்’ என்று விழுந்தது. கயிறு சரசரவென்று ஓடியது. ஓடி முடிந்ததும் கயிற்றின் வாலும் எங்களைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிற்று. மறுமுனையைப் படகில் கட்ட வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அது எழுதாமலே தெரியும் என்று நினைத்திருப்பார்கள்போல.

“போனாப் போகுது, கல்லுதானே” என்றேன்.

மாரிமுத்து கயிறு போன இடத்தையே எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. “கல்லு இல்லய்யா. ராசாத்தியோட அம்மிக்குழவி.”

தாய்வீட்டுச் சீராக அம்மியோடு வந்த குழவி. கவுஞ்சியிலிருந்து அவ்வளவு கனத்தையும் சுமந்து கொண்டுவந்தது. சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறான். அவள் மிளகாய் அரைக்கத் தேடுவதற்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணம்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டு வாசலில் நானும் தலைகுனிந்து நின்றேன். பழியைப் பாதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் என்னையும் அழைத்துப் போனான். ராசாத்தி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் நீங்க வீட்டுல இருக்க நாளு. அதையும் தண்ணிக்குள்ள கொண்டுபோயிட்டீக. எங்கம்மா குடுத்த கல்லையும் தண்ணிக்குள்ள போட்டுட்டீக. இதுவரைக்கும் தண்ணிக்குள்ளருந்து ஏதாச்சும் வெளிய வந்துச்சா?” 

பிறகு தீர்ப்புச் சொன்னாள். மார்கழி பிறந்தால் அவள் பழனிக்கு மாலை போட்டுவிடுவாள். அப்புறம் தைப்பூசம் முடிகிறவரை வீட்டில் மீன் வாடையே ஆகாது. அதற்குள் ஒரு மீன், அந்த ஏரி மீன், அவள் அடுப்புக்கு வர வேண்டும். “வரலேன்னா படக ஒடச்சு வெந்நி போட்டுருவேன். வெளாட்டுக்குச் சொல்லல.” 

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. சுவரோரம் சாத்தியிருந்த கோடாலியை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மாரிமுத்துவுக்குப் படகுமேல் என்ன பிரியம் என்று வெளியில் சொல்லத் தெரியாது. ஆனால் அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, காகிதத்தில் அதையே வரைந்துகொண்டிருப்பான். அது போய்விட்டால் திங்கள் முதல் சனி வரையான நாட்களை எதைப் பார்த்து நகர்த்துவான்?

கார்த்திகையில் எங்களுக்கு நான்கு ஞாயிறுகள் இருந்தன. முதல் ஞாயிறு முழுக்க மழை. தூண்டிலை எடுக்கவே இல்லை. இரண்டாவது ஞாயிறு, மாரிமுத்துவின் தூண்டிலில் பெரிதாக ஏதோ மாட்டியது. “பெருசுய்யா! பெருசு!” என்று கத்திக்கொண்டே இழுத்தான். அதே நேரத்தில் என் கழுத்தை யாரோ பின்னாலிருந்து நெரித்தார்கள். முள் என் மப்ளரில் மாட்டியிருந்தது. எனக்குப் பேச்சு வராததால் அவனுக்கு விஷயம் தெரியச் சற்று நேரமாயிற்று. மூன்றாவது ஞாயிறு வெள்ளனே போனோம். பனிமூட்டம் என்றால் அப்படியொரு மூட்டம். துடுப்பின் நுனி தெரியவில்லை. திசை தெரியாமல் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்தபிறகு, பக்கத்தில் யாரோ இருமுவது கேட்டது. எங்களைப்போல வழிதவறிய படகுக்காரர் என்று நினைத்து, “ஏங்க, கரை எந்தப் பக்கம்?” என்று கத்தினேன்.

“சார், நீங்க கரையிலதான் இருக்கீங்க” என்றார் அந்தோணி. 

நான்காவது ஞாயிற்றுக்குமுன் அந்தோணியே எங்கள்மேல் இரக்கப்பட்டார். “நீங்க போடுற மைதா உருண்டை தண்ணியில கரைஞ்சிரும் சார். கெண்டைக்கு ஸ்வீட்டுதான் பிடிக்கும். நல்லா வாசனையா, ஒட்டுற மாதிரி ஏதாச்சும் ட்ரை பண்ணுங்க.” 

வாசனையாக, இனிப்பாக, ஒட்டுகிற மாதிரி. மாரிமுத்து என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். என் அறையில் அப்பா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்த டப்பா ஒன்று பிரிக்காமல் இருந்தது அவனுக்குத் தெரியும்.

“வேண்டாம்யா. பாவம்.”

“சாமிக்குப் படைச்சதா?” 

“இல்ல, கடைச் சரக்கு.” 

“அப்ப திங்கிற பண்டம்தானே? நீ தின்னா பசி, மீனு தின்னா பாவமா?” 

பொரிகடலை மாவு சேர்த்துப் பிசைந்தோம். இதை நான் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவின் சரக்கைப்பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டியிருக்கிறார்கள்; ஆனால் அந்தக் கெண்டை அளவுக்கு அவசரமாக யாரும் வந்து வாங்கியதில்லை. போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தக்கை உள்ளே போனது. நானும் அவனும் சேர்ந்து இழுத்தோம். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம், பொன்னிறச் செதில், வாயோரம் மீசை. மாரிமுத்து அதைப் பூண்டுச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, உயிரோடு கொண்டுபோகத் தண்ணீரில் தொங்கவிட்டான். பூண்டு மூட்டை கட்டுவதில் அவன் குடும்பத்தை அடிக்க ஆளில்லை. நானும் டைரியில் எழுத வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் சரிசெய்துகொண்டு துடுப்புப் போட்டேன்.

துறையில் ராசாத்தி நின்றிருந்தாள். கடைசி நாளாயிற்றே, முடிவைப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். பக்கத்தில் அந்தோணி, சுற்றுலா வந்த ஒரு குடும்பம், சோளக்கதிர் சுடுகிற அம்மாள். மாரிமுத்து படகில் எழுந்து நின்று சாக்கைத் தூக்கினான். உள்ளே மீன் துள்ளியது.

“எங்க, காட்டுங்க பாப்போம்” என்றாள் ராசாத்தி.

கவுஞ்சிக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுபோகும் மூட்டைக்கு உருவுமுடிச்சுப் போடுவார்கள். வியாபாரி கேட்டதும் இடதுகையை மூட்டைக்கு அடியில் கொடுத்து, வலதுகையால் கயிற்றை ஒரே ஓர் இழுப்பு. முடிச்சு உருவிக்கொள்ள, பூண்டு பொலபொலவென்று கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டுவதில் ஒரு மிடுக்கு. சின்ன வயதிலிருந்து மாரிமுத்து சந்தையில் செய்துவந்த காரியம். “காட்டு” என்று யாராவது சொன்னால் அவன் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அதையே செய்தான். அதே மிடுக்கோடு. கெண்டை படகின் விளிம்பில் ‘சடார்’ என்று ஒருமுறை அடித்தது. வெயிலில் ஒருகணம் பளபளத்தது. பிறகு ஏரி இருந்தது, சாக்கு இருந்தது, மாரிமுத்து இருந்தான்.

அந்தோணிதான் மெதுவாகக் கேட்டார்: “ரிலீஸ் பண்ணிட்டீங்களா சார்? வெள்ளக்காரங்க மாதிரி?” 

நான் ராசாத்தியைப் பார்க்கப் பயந்து தண்ணீரைப் பார்த்தேன். கோடாலிதான் கண்முன் நின்றது. முதலில் ஏதோ விக்கல்போலக் கேட்டது. நிமிர்ந்தால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அது போதவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

“சந்தை முடிச்சா போட்டீக? மீனுக்குச் சந்தை முடிச்சா?” 

மாரிமுத்து வெறும் சாக்கை மடித்தான். “ஒடச்சுக்க ராசாத்தி. சொன்ன சொல்லுதானே” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து படகின் மூக்கில் கை வைத்தாள். “படகு என்ன செஞ்சுச்சு? மீனத் தேடித்தானே கொடுத்துச்சு. ஒடைக்கணும்னா இந்தாளத்தான் ஒடைக்கணும், இல்லையாண்ணே?” என்றாள். பிறகு புருஷனிடம், “பூசம் முடியட்டும். நானும் வாரேன். முடிச்ச நான் போடுறேன்” என்றாள்.

வந்தாள். அவள் வந்த இரண்டாவது ஞாயிறே மீன் அடுப்புக்கு வந்துவிட்டது. துடுப்பு அவள் கையில் நேராகப் போகும். எங்கள் கையில்தான் வட்டம் போடும். முன்பலகை அவள் இடமாயிற்று. நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து, பிளக் போட்டாயா, கயிறு கட்டினாயா என்று அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். ஆறு வருஷம். பிறகு எனக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது.

அப்படகு இப்போது இல்லை. ஓர் ஐப்பசி மழையில், கட்டிய இடத்திலேயே, முழங்கால் ஆழத் தண்ணீரில் அமைதியாக அமிழ்ந்துவிட்டது என்று மாரிமுத்து கடிதம் எழுதினான். அதில் எங்கள் மூவரின் தவறு எதுவுமில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அது நின்ற இடத்தில் இன்று மிதிபடகுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தோணி இல்லை. மாரிமுத்துவும் ராசாத்தியும் ஓய்வுக்குப் பின் கவுஞ்சிக்கே போய்விட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அவர்களுக்குப் போன் போட்டேன். ராசாத்திதான் எடுத்தாள். மாரிமுத்துவைக் கேட்டேன்.

“முட்டி வலிண்ணே. வரப்புல எறங்கவே ரோசன பண்றாரு. தண்ணிப் பக்கம் போயி எம்புட்டோ நாளாச்சு. எந்நேரமும் டிவிதான்.” 

“ஞாயித்துக்கெழமையாவது வீட்டுல இருக்கான்ல, நீ ஆசப்பட்டபடி” என்றேன் கேலியாக.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவரு இருக்கட்டும்ணே. அந்தப் படகு இப்ப இருந்திருந்தா, நான் போயிருப்பேன்.”