கலையரசி படித்துச் சொன்ன மெயில்கள்

மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியதும் கலையரசி வலது கையை உயர்த்துகிறார். “யாரும் போனைத் தொடாதீங்கபா, மெயில் இறங்கிக்கினு இருக்குது!” காந்தி ரோட்டிலுள்ள அந்தப் பட்டு ஏற்றுமதி அலுவலகத்தில் அதற்கப்புறம் மறுபேச்சில்லை. மேனேஜர் வேணுகோபால்கூட எடுத்த ரிசீவரை அப்படியே வைத்துவிடுகிறார். கடைசி மெயில் இறங்கிய பிறகுதான் கை கீழே வருகிறது.

அங்கே புது மெயில் மென்பொருள் போடுவதற்காக 2006-இல் சென்னையிலிருந்து போனவன் நான். பதினொரு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே கணினி, ஒரே மெயில் விலாசம், ஒரே கலையரசி. இனி ஆளுக்கொரு விலாசம், மேஜைக்கொரு திரை. பழைய மெயில்களையெல்லாம் பிரித்து அவரவர் பெட்டியில் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் போதும் என்று நினைத்துப் போனேன், மூன்று வாரம் ஆயிற்று.

கலையரசி வைத்திருந்த ஒழுங்கு அப்படி. வாடிக்கையாளர் பெயரில் ஒரு கோப்புகூடக் கிடையாது. யார் முதன்முதலில் எந்த நிறத்தில் புடவை வாங்கினார்களோ அந்த நிறம்தான் அவர்களுக்குப் பெயர். டில்லிக்காரர் அரக்கு, சிங்கப்பூர்க் கடை மயில்கழுத்து, லண்டனில் ஒரு அம்மாள் வெங்காயக் கலர். “பேரு மறந்துபூடும் சார், கலர் மறக்குமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். ‘அரக்குக்குப் பதில் போட்டாச்சா?’ என்றால் அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

வயது நாற்பத்து நான்கு. மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். கணினி வந்தபோது மற்றவர்கள் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நின்றார்களாம், இவர் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டார். அதற்கு இவரே தைத்த உறையில் சரிகைக் கரை உண்டு. மூடும்போது பிள்ளையைத் தட்டிக் கொடுப்பது மாதிரி அதன் தலையில் இரண்டு தட்டு.

புது ஏற்பாட்டுக்காகப் பட்டியலோடு மேஜை மேஜையாகப் போய் பாஸ்வேர்டு வாங்கினார். ரகசியமாக எழுதித் தரச் சொன்னால் ஒவ்வொருவரும் சத்தமாகச் சொன்னார்கள். ஆறு பேருக்கு வரதராஜப் பெருமாள், நான்கு பேருக்குக் காமாட்சியம்மன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “சாமி பேரை மாத்துங்கன்னு நான் எப்படி சார் சொல்லுவேன்? பின்னால ஆளுக்கொரு நம்பர் சேத்துக்குங்கபா” என்று விஷயத்தை முடித்தார். தன் வேலையைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறோமே என்ற கசப்பு அவரிடம் இல்லை. அவருடைய பயம் வேறு.

பதினோராவது ஆள் முதலாளி சிட்டிபாபு. மனைவியை இழந்தவர், எழுபது வயது. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். மெயில் என்றால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. கலையரசி படிப்பார், அவர் “சரே, சரே, மேல படி” என்பார். கொஞ்ச காலமாக இரண்டு கண்ணிலும் புரை வேறு. ஒரே பையன் வாசுதேவ் அமெரிக்காவில் இருக்கிறான். ஐந்து வருஷத்துக்கு முன் தாய் இறந்தபோது காரியத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தான். வாசலிலேயே அப்பா அவனைத் திட்டித் தீர்த்தார். போனவன் பிறகு வரவில்லை, மாதத்துக்கு ஒரு மெயில் மட்டும் வரும்.

அப்படி ஒன்று வந்த அன்று நான் திரைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “அப்பா, நீங்க அனுப்பின வேட்டி கிடைச்சுது. கட்டிக்கினு கோயிலுக்குப் போனேன். முட்டி வலி பரவாயில்ல. உங்க உடம்பைப் பாத்துக்குங்க” என்று கலையரசி நிதானமாகப் படித்தார். சிட்டிபாபு கண்ணை மூடியபடி சிரித்தார். எழுந்து முன்பக்கம் வந்த நான் தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது: பார்சல் கிடைத்தது, இனி அனுப்ப வேண்டாம்.

 முதலாளி போன பிறகு, கேட்காமலேயே கலையரசி சொன்னார்.

“முதலாளியம்மா போன ரெண்டாம் மாசம் மொத மெயில் வந்திச்சு சார். ‘வந்து சேந்தேன்’னு ஒரே வரி. முதலாளி மூஞ்சியப் பாத்தேன், மனசு கேக்கல. ‘சாப்டீங்களாப்பா’ன்னு நானா ஒண்ணு சேத்துட்டேன். அன்னிக்குத்தான் மனுசன் ஒழுங்கா சாப்ட்டாரு. அப்புறம் நிறுத்த முடியல.”

சேர்த்தது வளர்ந்தது. முட்டி வலி, கோயில், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் கலையரசி கொடுத்தவை. ஒரு மாதம், ‘நீங்க திட்டினத நான் மறந்துட்டேம்பா’ என்றுகூடப் படித்துவிட்டார். அன்று சிட்டிபாபு குரல் உடைந்து நெடுநேரம் பதில் எழுதச் சொன்னாராம். ‘நீ மறந்துட்டேன்னு எழுதியிருக்கியே, எனக்கு மறக்கல நாயனா, என் கண்ணு. வாசல்ல வெச்சு உன்னைப் பேசினது தப்பு’ என்று.

“அத எப்படி சார் அனுப்புவேன்? மறந்துட்டேன்னு அவரு புள்ள எழுதவே இல்லியே. குட்டு ஒடஞ்சிடும்னு பயந்துக்கினு, ‘அப்பா நலம், ஆசீர்வாதம்’னு மட்டும் போட்டேன். எல்லாத்துக்கும் அதான் போட்டேன்.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரக்கத்தில் தொடங்கியதுதான். ஆனால் ஐந்து வருஷமாக ஒரு தகப்பனின் சொல் பிள்ளையைப் போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

முதலாளிக்கு நான் வருவதற்கு முன்பே கண் ஆபரேஷன் முடிந்திருந்தது, இப்போது புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது. புதுத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று வேணுகோபால் சொல்லியிருந்தார். “எனக்கும் ஒரு பெட்டி வெச்சுக் குடுப்பா. பையன் எழுதினதெல்லாம் ஒரு தரம் என் கண்ணால பாக்கணும்” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார் சிட்டிபாபு.

பையனுடைய கோப்பு ஒன்றுக்குத்தான் நிறப் பெயர் இல்லை. அதை மாற்றும் முறை வந்தபோது கலையரசியிடம் மெதுவாகக் கேட்டேன். “மாத்தறப்போ ஒண்ணு ரெண்டு அழிஞ்சு போறது சகஜம்மா. இது அழிஞ்சுடுச்சுன்னு சொல்லிடறேன். என் தலையோட போகட்டும்.”

அவர் தலையாட்டி மறுத்தார். “வேணாம் சார். அது அவரு புள்ள கையால அடிச்சது. இல்லாதத சேத்த பாவமே போதும், இருக்கறதையும் அழிக்கவா? மாத்திடுங்க.” மாற்றினேன். கணினி ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே திரைக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். முதலாளி தன் பாஸ்வேர்டைத் தானே அடித்தார், பையன் பெயர். உள்ளே அறுபத்தொரு மெயில்கள். விரலைத் திரைமேல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதி தூரம் போன பிறகு விரல் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த வேணுகோபால் வாசலோடு திரும்பிப் போனார். முடித்ததும் அனுப்பிய மெயில்களைத் திறக்கச் சொன்னார். திறந்து கொடுத்தேன். அவற்றையும் ஒன்று விடாமல் படித்தார். கலையரசி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“அவன் எழுதாதத நீ படிச்சே. சரே, போவட்டும்மா” என்றார் சிட்டிபாபு. அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “நான் சொன்னேனே, அதெல்லாம் இதுல எங்கம்மா இருக்குது?”

கலையரசி மேஜையருகே வந்தார், குனிந்து மௌஸைப் பிடித்தார். அனுப்பிய மெயில்களை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், மறுபடி முதலிலிருந்து தேடிக்கொண்டே இருந்தார்.