தூய நகலில் இல்லாத ‘நான்’

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்று அக்கா’ என்று பெயர். வாக்கியத்தில் ஒரு ‘க்’கோ ‘ப்’போ விடுபட்டால் போதும், கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடித்துப்போவாள். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், “சார், அந்த ‘ப்’ உங்களை என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் டைப் அடிக்க உட்காருவாள். அதிகாரிகள் முன்னால் அசடு வழிந்துவிட்டுப் பின்னால் போய்ச் சிரிப்பார்கள். ஆனால் முக்கியமான தாள் என்றால் அவளிடம்தான் வரும்.

போர்த் துறைச் செயலகத்தின் மூன்றாம் மாடியில் முப்பத்தொரு வருடம் இப்படி ஓடியது. நாட்டை ஆண்டவரை அங்கே எல்லோரும் ‘பெரியவர்’ என்பார்கள். அவருக்கு உத்தரவுகளைத் தன் கையாலேயே எழுதும் பழக்கம், அதுவும் வீட்டில் ஆட்களை விரட்டுகிற பாஷையில். அந்த வரைவை அலுவலகத் தமிழுக்கு மாற்றுவது ஒற்று அக்காவின் வேலை. அலுவலகத் தமிழில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. ‘நான் முடிவு பண்ணிட்டேன்’ என்று வந்தால் ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்று போகும். முடிவு செய்தவர் யார் என்று வாக்கியத்தைக் கவிழ்த்து உதறினாலும் ஆள் விழமாட்டார். இதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. தூய நகலில் செயலாளர் கையெழுத்துப் போட்டதும் வரைவைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. அவள் ஒருநாளும் விதி மீறியவளில்லை.

போரின் கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரி மேல் சொந்தப் படையின் குண்டே விழுந்தது. நாற்பத்து மூன்று பேர் போனார்கள். அவர்களில் அவளுடைய தம்பியின் மனைவியும் பிறந்து இரண்டே நாளான குழந்தையும் உண்டு. தம்பி வேலையை விட்டான், தன் வீட்டை விற்றான், அக்காவின் வீட்டு மாடி அறைக்கு வந்துசேர்ந்தான். இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, மனு மேல் மனு போட்டு, செருப்புத் தேயத் தேயக் கோர்ட்டுக்கு நடந்தான். பதினோரு வருடம் கழித்து, பதவி போன பெரியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே விட்டான்.

ஏறினவர் அசரவில்லை. “ஆஸ்பத்திரியை அடிக்கச் சொன்ன உத்தரவில் இருப்பது செயலாளரின் கையெழுத்து. எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிவிட்டார். செயலாளர் செத்து நாலு வருடம் ஆகிறது. செத்தவர் தலையில் எதைக் கட்டினாலும் அவர் எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

அரசு வக்கீல் அம்மா கெட்டிக்காரி. உத்தரவுத் தாளின் அடியில், டைப் அடித்தவரின் சுருக்கொப்பம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து, தம்பி வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்தாள்.

“அந்த வரைவு யார் எழுத்துன்னு கண்ணால பார்த்தவங்கள்ல உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தாம்மா. நீங்க வரலைன்னா அவர் வீட்டுக்குப் போயிடுவார்.”

ஒற்று அக்கா இரண்டு நாள் மென்று விழுங்கினாள். போர்க்காலத்தில் தான் விடுமுறைப் பதிவேடு பார்த்ததாகத்தான் தம்பியிடம் சொல்லிவைத்திருந்தாள். சாட்சி சொல்லாவிட்டால் பெரியவர் தப்பிப்பார். சொன்னால் தம்பி கையை விட்டுப்போவான். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. மூன்றாம் நாள் காலை மாடிக்குப் போய், அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிமுடித்தாள்.

அவன் நிமிர்ந்து கேட்டான்.

“நீயா அடிச்சே?”

“என் வேலை அதுதானேடா. வர்றதை அடிப்பேன், அனுப்புவேன். ஒரு நாளைக்கு நாப்பது தாள் வரும். எதையும் உக்காந்து படிக்கிறதில்ல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, “பரவால்லக்கா. வந்து சொல்லு. அது போதும்” என்றான். சாட்சி நாளன்று அவள் புடவையை அவனே இஸ்திரி போட்டுவைத்தான்.

கூண்டில் ஏறியதும் அவள் பழைய ஒற்று அக்கா ஆகிவிட்டாள். வரைவில் என்ன இருந்தது என்று அரசு வக்கீல் கேட்டதற்கு மடமடவென்று ஒப்பித்தாள்.

“‘ஆஸ்பத்திரின்னு பாக்க வேணாம். நாலாவது கட்டடத்தை சேர்த்து அடிங்க. நான் சொல்றேன்.’ இவ்வளவுதான். பெரியவர் எழுத்து.”

பெரியவரின் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். “பதினோரு வருஷமாச்சு. நேத்து என்ன சாப்பிட்டோம்னே எனக்கு மறந்துபோகுது. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஒரு எழுத்து மாறாம சொல்றேன் சார். ‘கட்டடத்தை’க்கு அப்புறம் ‘ச்’ வரணும். அவர் போடல. நான்தான் போட்டேன்.”

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த தம்பி சிரிக்கவில்லை.

“சரி. அந்த ‘நான் சொல்றேன்’ டைப் அடிச்ச தாள்ல இல்லையே. யார் எடுத்தது?”

“நான்தான்.”

“வரைவு?”

“கிழிச்சுட்டேன்.”

“அதையும் நீங்கதான்” என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. தாளை மாற்றியதும் கிழித்ததும் தானே என்று ஒப்புக்கொண்ட ஒருவரின் ஞாபகத்தை மட்டும் நம்பி, நாட்டை ஆண்டவரைத் தண்டிக்க முடியாது என்றார்கள். பெரியவர் படியிறங்கி, கூட்டத்துக்குக் கையசைத்து, காரில் ஏறிப் போனார். அந்தக் குடும்பங்கள் வாசலிலேயே நின்றன. யாரைத் திட்டுவது என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று வாரமும் தம்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீர்ப்பு பற்றிய கவலை என்றே அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் மாடிக்குப் போகாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல், அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, எத்தனை மணிக்கு அடிச்சே அதை?”

“காலையில. பதினோரு மணி இருக்கும்.”

“குண்டு விழுந்தது சாயந்தரம் அஞ்சு மணிக்கு.”

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“முந்தின நாள் நீ குழந்தையைப் பாக்க வந்தே. நாலாவது கட்டடத்துக்கு வழி கேட்டுக் கேட்டு வந்தேன்னு சொன்னே.”

“நோயாளிங்களையெல்லாம் வெளியேத்திட்டுத்தான் அடிப்பாங்கன்னு நினைச்சேன்டா. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.”

“கோர்ட்டு உன்னை நம்பல. நான் நம்புறேன். நீ ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கே.”

அவன் குரலை உயர்த்தவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் அழுது கூப்பாடு போட்டுத் தப்பித்திருப்பாள்.

“உன் மேஜையில போன் இருந்துச்சாக்கா?”

“இருந்துச்சு.”