எக்ஸ்ரேயில் விழாத சிராய்

முதலில் வந்தது வலி அல்ல, சூடு. கண்டிக்கு அருகே குண்டசாலையில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது கவனித்தேன். வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியும் இடது கணைக்காலில் ஒரு சிறு வட்டம் மட்டும் சூடாகவே இருந்தது. சில மாதங்களுக்கு முன் காயப்பட்டு ஆறிய இடம் அது. மேலே தோல் நன்றாக மூடிப் பளபளத்தது.

ஆறிய புண்ணுக்குள் சூடு இருந்தால் அது ஆறவில்லை என்று பொருள். இதை வாசிக்கிற உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால், அடுத்த கிழமை பார்ப்போம் என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். காரணம் சோம்பல் இல்லை, பயம். அந்தப் பயத்தைச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் உடற்கல்வி ஆசிரியை. கணவர் குகனுக்கு வங்கியில் வேலை. இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். அடையாள அட்டையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். குகனின் தாயார், என் மாமி, எங்களோடு இருந்தார். "பிள்ளையளுக்குப் பதிலா ரெண்டு சைக்கிள் வளர்க்கினம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

பழைய மவுண்டன் சைக்கிள்கள்தான், ஆனால் தடித்த டயரும் கியரும் உள்ளவை. ஞாயிறு காலையில் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையோரம் போவோம். ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர் பிடிவாதமாக வளர்த்த திராட்சைப் பந்தல் அங்கே இருந்தது. கண்டி மழையில் அது ஒருநாளும் உருப்படியாகக் காய்த்ததில்லை. துணிச்சல் வந்தால் பேராதனை தாண்டிக் கலஹாப் பக்கம் போவோம். தேயிலைக்குள் குறுக்குப் பாதைகள், அதற்கு மேலே பைனஸ் மரக் காடு. யுத்தச் செய்தி இல்லாத நாளே இல்லாத காலம் அது. அந்தச் சில மணி நேரம் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"கலியாணம் கட்டின பொம்பிளைக்குக் காட்டுக்குள்ள என்ன அலுவல்?" என்று மாமி கேட்பார்.

"சும்மா, மாமி."

"சும்மா போறதுக்கு இதென்ன நாடே?"

கலஹாவுக்கு மேலே, காட்டிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் பாதையில்தான் விழுந்தேன். மழை விட்டிருந்த ஈரத்தில் முன்சில்லு சறுக்கியது. அந்த மலையில் அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள் (தேயிலைச் செடிகளைக் குட்டையாகத் தறித்துவிடும் வேலை). சரிவாக வெட்டிய கிளைகள் கூர் தீட்டினதுபோல் நின்றன. ஒன்று என் கணைக்காலில் ஏறியது. காலை நானே இழுத்து எடுத்தேன். பெரிதாக இரத்தம் இல்லை. வட்டமான, ஆழமான ஒரு துளை. அதைப் பார்த்ததும் குகனின் முகம் வெளிறிவிட்டது.

"சாந்தா, இது வெடி பட்ட காயம் மாதிரியெல்லே கிடக்கு" என்றார்.

அன்றைய நாளில் இல்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இராணுவச் சோதனைகளில் தமிழ் இளைஞர்களின் சட்டையைக் கழற்றித் தழும்பு தேடினார்கள். தழும்பு இருந்தால் சண்டைக்காரன். பெண்களும் சண்டையில் இருக்கிறார்கள் என்றானபின் எங்களுக்கும் அதே சோதனை. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே பொலிஸ் பதிவு செய்யும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி, காட்டுப் பாதையில், காலில் ஒரு துளை. யார் நம்புவார்கள்?

எனவே தோட்டத்து மருந்தகத்துக்குப் போனோம். அங்கிருந்த டிஸ்பென்சர் வயதான மனிதர். "வாங்கம்மா, காலைத் தூக்கி இதுல வைங்க" என்றார். நன்றாகப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதாச்சும் தங்கியிருக்கான்னு பெரியாஸ்பத்திரியில கீறித்தான் பார்க்கணும். இங்க அதுக்கு வசதி இல்லீங்க" என்றார்.

"அங்கை போனால் பொலிஸ் வருமே ஐயா" என்றார் குகன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் நெசந்தான். நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரு மம்பட்டியால கால்ல வெட்டிக்கிட்டுப் போனாரு. அவரையே ஸ்டேசன்ல வச்சிக்கிட்டாங்க."

மேலாகக் கழுவி, தைத்து, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுவிட்டார். நல்ல மனத்தோடுதான் செய்தார். அழுக்குக் காயத்தை உடனே தைத்து மூடக்கூடாது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அன்று எங்கள் மூவருக்கும் அதை மூடிவிட்டால் போதும் என்றிருந்தது.

கிணற்றடியில் கண்ட சூடு சில கிழமைகளில் குத்தலாக மாறியது. பிறகு தோல் தானாகத் திறந்து சீழ் வந்தது. மாமி மஞ்சள் வைத்துக் கட்டினார், ஒத்தடம் கொடுத்தார், கோயிலுக்கு நேர்ந்தார். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் பிள்ளை" என்பார். அவருக்கும் சோதனைச் சாவடிதான் பயம். காய்ச்சல் நடுக்கத்தோடு வந்து, காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் போன காலையில் குகன் சத்தம் போட்டார்.

"கால் போனாப் பிறகு பயந்து என்ன? வெளிக்கிடும்."

முச்சக்கர வண்டியை மகாவலிப் பாலத்தடியில் மறித்தார்கள். சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் சிப்பாய் என் பாவாடையை உயர்த்தி, கட்டை அவிழ்த்தாள். "மே மொகத?" என்றாள், இது என்னவென்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தேயிலைக் கட்டை என்றேன். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. அதை அவள் பயமென்று எடுத்துக்கொண்டாள். பயமும்தான். அவள் அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் அடையாள அட்டையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் வாய் சும்மா இருக்காது. "முதலில் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள், பிறகு எதையும் கேளுங்கள்" என்று கத்தினேன். விட்டார்கள். ஒரு பொலிஸ்காரரை என்னோடு வண்டியில் ஏற்றினார்கள். குகனைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தபோது அவர் கைகள் இரண்டையும் தலைக்குப் பின்னால் வைத்து நின்றதைப் பார்த்தேன்.

சத்திர சிகிச்சை நிபுணர் சிங்களவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆங்கிலத்தில். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஒஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தல்) என்றார். செத்த எலும்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிருமி மேலே பரவியிருந்தால் காலையே முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டி வரலாம்.

"உள்ளே ஏதாவது தெரிகிறதா?" என்றேன்.

"மரத் துண்டு எக்ஸ்ரேயில் விழாது. உலோகமென்றால் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை."

நல்ல செய்தி என்று நினைத்தேன். கட்டிலருகே விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி அப்படி நினைக்கவில்லை. குண்டை யாரோ எடுத்துவிட்டுத் தைத்திருக்கலாமே என்றார். தைத்தது யார் என்று கேட்டார். அந்தக் கிழவரை இழுத்து வருவார்கள் என்று தெரியும். வாயைத் திறக்கவில்லை. காட்டுக்கு ஏன் போனாய் என்றார். சும்மா என்றேன். அந்தப் பதிலை எழுதக்கூட அவர் விரும்பவில்லை.

நான் உண்மையான சைக்கிள்காரி என்று காட்ட ஒரு வழிதான் தோன்றியது. பாதைகளை எல்லாம் சொன்னேன். வாய்க்கால் கரை எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் காட்டு வழி எந்தத் தோட்டத்தில் இறங்குகிறது, எங்கே பெரிய வீதியைத் தொடாமலே கலஹாவுக்குப் போகலாம். உற்சாகமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவர் இப்போது ஒன்று விடாமல் எழுதினார். அவர் போனபின்தான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. இராணுவத்துக்குத் தெரியாத வழிகளைத் தெரிந்த ஒருத்தி என்று நானே வாக்குமூலம் கொடுத்திருந்தேன். குகன் அவர்கள் கையில் இருந்தார்.

மாமி பிளாஸ்க்கும் இடியப்பப் பார்சலுமாக வந்தார். என் காவலுக்கு இருந்த பொலிஸ்காரருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "இவள் என்ர மருமேள், வாய்க்காரி, சைக்கிள் விசர். வேற ஒண்டும் இல்லை ராசா" என்று தமிழிலேயே விளக்கினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து சிகிச்சை செய்தார்கள். நான் விழித்திருந்தேன். வலி இல்லை, எலும்பைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே மரத் துண்டு இல்லாவிட்டால் குகனை விடமாட்டார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. காலைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

சுரண்டல் நின்றது. டாக்டர் இடுக்கியை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். கறுத்த, விரல் நகத்தளவான ஒரு சிராய். ஒரு பக்கத்தில் பட்டை இன்னும் ஒட்டியிருந்தது. பொலிஸ்காரரைக் கதவடிக்குக் கூப்பிடச் சொல்லி அவருக்கும் காட்டினார். நான் வாய்விட்டு அழுதேன். கால் தப்பியதா என்று கேட்கவும் மறந்துபோனேன். தப்பியிருந்தது.

அடுத்த நாள் மாலை குகன் வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டுமில்லை. நீர் படுத்திரும்" என்றார். இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.

பிறகு கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரி விடுதி வாழ்க்கை. இப்படிப்பட்ட புண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் உள்ளே துணியை அடைத்து, மறுநாள் இழுத்து எடுப்பார்கள். சதை அடியிலிருந்து மேலே வளர வேண்டும். பொறுமை போய் நான் தாதியரோடு சண்டை பிடித்திருக்கிறேன். நீங்களும் பிடிப்பீர்கள், பரவாயில்லை. ஆனால் மேலே சீக்கிரம் மூடச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்போது எனக்கு நாள் என்பது ஒரு மருந்துக் கட்டுக்கும் அடுத்த மருந்துக் கட்டுக்கும் இடைப்பட்டது மட்டும்தான்.

கடைசியில் தோலை மூடும் நாள் வந்தது. அதற்கு முதல் நாள் டாக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வட்டக் குழியை அப்படியே தைக்க முடியாது, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டி ஒரு கோடாக்கித்தான் மூட வேண்டும் என்றார். எவ்வளவு என்று பெருவிரலால் காட்டினார், சிறியதுதான். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் சம்மதித்தால் இன்னும் நீளமாக வெட்டுகிறேன். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை, தையல் அடையாளம் நன்றாகத் தெரியும்படி. நோய்க்கு அது தேவையில்லை. பார்க்கிற எவருக்கும் இது ஆஸ்பத்திரி வெட்டு என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்."

குகனைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ சோதனைச் சாவடிகளில் என் கால் பார்க்கப்பட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை ஒரு பெண் சிப்பாய் "அனே" என்று இரங்கி, என் பாவாடையைத் தானே இறக்கிவிட்டாள். டாக்டர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். மீண்டும் சைக்கிள் ஓட்டினேன், மெதுவாக. மாமியும் மீண்டும் ஏசினார்.

யுத்தம் முடிந்துவிட்டது. இப்போது யாரும் என் காலைப் பார்ப்பதில்லை, நான்தான் பார்க்கிறேன். நடுவில் ஒரு சிறு பள்ளம், அது நோய் இருந்த இடம். அங்கே உணர்ச்சியே இல்லை, கிள்ளினாலும் தெரியாது. மேலேயும் கீழேயும் உள்ள நீளம் நல்ல சதை, நான் சம்மதித்து வெட்டக் கொடுத்தது. ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டும்போது வலிப்பது அதுதான்.