நான் காட்டிய ஆறு விரல்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டு முறை கீமோ கொடுத்தும் கேட்காததால், அவர் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு செல்களைப் பிரித்து, லேபில் மாற்றி, புற்றுநோயைத் தேடி அடிக்கப் பழக்கி, மறுபடி அவர் உடம்பிலேயே ஏற்றினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் செல்கள் அளவுக்கு மீறி ஆடினால் மூளை குழம்பலாம், உடனே கண்டுபிடித்தால் மருந்துக்கு அடங்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு சின்னப் பரீட்சை. காலையும் மாலையும் சிஸ்டர் வந்து கேட்பார்: இது என்ன மாதம், எந்த ஊர், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து வாங்க வேண்டும். இவர் சாந்தோமில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலில் இவர் நின்றால் எங்கள் மகன்கூடப் பக்கத்துப் பேப்பரைத் திரும்பிப் பார்க்க மாட்டான். "இன்னா சிஸ்டர், மூணாங்கிளாஸ் கணக்கு கேக்கறீங்க?" என்று கிண்டலடிப்பார்.

ஐந்தாம் நாள் மாலை, "நூறு, தொண்ணூறு, எண்பது, எழுபது" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். மார்க் குறைந்தால் ஐ.சி.யூ. அங்கே என்னை உள்ளே விடமாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அந்தக் கதவுதான் பேய். என் வாயில் மாஸ்க், உதட்டசைத்துச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆறு விரலைக் காட்டினேன்.

"அறுபது," என்றார். பிறகு ஐந்து விரல், நான்கு விரல். பத்துக்குப் பத்து போட்டுவிட்டு சிஸ்டர் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று டம்ளரை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ" என்றார்.

ஓடினேன். "சிஸ்டர், அவரா சொல்லல. நான்தான் விரலைக் காட்டினேன்." சிஸ்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. போனில் டாக்டரை வரச் சொல்லிவிட்டு, "கையைக் கட்டிக்கினு இங்கயே நில்லுங்கம்மா," என்று என்னைக் கட்டிலருகே நிறுத்தினார். அவரிடம் கேட்டார்:

"சார், இவங்க யாரு?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்து மரியாதை முகத்தில் வந்தது.

"உக்காருங்கம்மா," என்றார். "நீங்க எந்தப் பையனோட அம்மா?"