கதவு போடுகிறவர்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் நான்கு வருஷமாக எனக்குச் சட்டென்று பதில் வந்ததில்லை. "கேம் கம்பெனியில இருக்காரு" என்றால், "அட, விளையாடச் சம்பளமா!" என்று சிரிப்பார்கள். விளையாடச் சம்பளம் தருகிற அந்த மகராசனைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

அதற்கு முன்பு ஒரு கட்டட எஞ்சினியரிடம் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் வீடு. காபி குடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, விளையாட்டாகத்தான், ஒரு கேம் செய்தார். மொட்டை மாடியில் துணி காய்கிறது, மழை வருகிறது, நனைவதற்குள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கூடையோடு ஓடுகிறவள் அச்சு அசல் நான். துணி நனைந்தால் திட்டுவதும் என் குரல்தான். எனக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறார் மனுஷன்! நானும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு விளையாடுவோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் அவருடைய அண்ணன். "இவ்வளவு திறமைய வச்சுக்கிட்டு சுவரு வரைஞ்சுக்கிட்டு இருக்கியேடா" என்றார். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பிடிச்ச வேலையே சோறும் போட்டா வேற என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார். கேம் விளையாடப் பிடிப்பது வேறு, செய்யப் பிடிப்பது வேறு, அடுத்தவன் கேமுக்கு உழைப்பது அடியோடு வேறு. அதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக எஞ்சினியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேம் கம்பெனியில் சேர்ந்தார்.

கம்பெனியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் சேர்ந்து ஒரே கேம் செய்தார்கள். கோட்டை, படை, நெருப்பு. வீடு வரைந்தவர் என்பதால் இவருக்குக் கதவுகளைக் கொடுத்தார்கள். கதவு மட்டும். மரக் கதவு, இரும்புக் கதவு, பாதி எரிந்த கதவு. கேமில் கதவைத் திறக்கிறவன் கை கைப்பிடியில் சரியாகப் பதிய வேண்டும், பின்னால் ஆள் நின்றால் கதவு இடிக்க வேண்டும், உடம்புக்குள் புகுந்து போகக் கூடாது. ஒரு நாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். "யாரு, கதவு சாரா?" என்று கேட்டாள் வாசலில் இருந்த பெண். அங்கே அவர் பெயரே அதுதான்.

மகள் தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை அவள் போய், "அப்பா, துணி கேம்ல பக்கத்து வீட்டு மாடியும் சேர்க்கலாம்னு சொன்னீங்களே" என்பாள். "கம்ப்யூட்டரைப் பாத்தாலே குமட்டுது கண்ணு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பிடித்த வேலையைச் சோறு போடச் சொன்னோம், அது பிடித்ததையே தின்றுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு ஆறுதல் வைத்திருந்தார். ஒரு மரக் கதவுக்கு மட்டும், கீல் சத்தத்துக்குப் பதிலாக மகளின் சிரிப்பை மெல்லச் சேர்த்திருந்தார். கேம் வந்ததும் அவளே அந்தக் கதவைத் திறந்து கேட்க வேண்டும். அவளும் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கேம் வெளிவரச் சில மாதம் இருக்கும்போது வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட விட்டுப் பார்த்தார்கள். கதவு திறக்கிற வரைக்கும் நிற்பது போரடிக்கிறதாம். திறக்கிற கதவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எப்போதும் மூடியே இருக்கிற கதவுகள் மட்டும் சுவருக்கு அலங்காரமாக மிச்சம். கதவே இல்லாத கேமுக்குக் கதவு சார் எதற்கு? அவரையும் அனுப்பிவிட்டார்கள். "அவங்க சொல்றதும் சரிதான், எனக்கே போரடிக்கும்" என்றார் என்னிடம். நாலு வருஷத்தை வாரிக் கொடுத்துவிட்டு நியாயம் பேசுகிறார்! எஞ்சினியரிடம் அதற்குள் வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

"பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கேம் வந்துவிட்டது. கம்பெனி சும்மா ஒன்று தரவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தார்.

மகள் உட்கார்ந்தாள். திரையில் நடந்த சண்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. கோட்டைக்குள் ஓடி ஓடிக் கதவைத் தேடினாள். எங்கே பார்த்தாலும் வெறும் வாசல்கள். கடைசியில் ஒரு மரக் கதவு அகப்பட்டது. பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுப்பா, நான் சிரிக்கிறது."

திரையில் கதவு மூடித்தான் இருந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"நல்லா இருக்குப்பா" என்றாள்.